வாழைக்காய் மண்டியில் ஒரு வயதுக் கணக்கு

தாயுமானவன் எந்தத் தராசையும் முதல் பார்வையில் நம்பியதில்லை. எடையளவுத் துறையில் முத்திரை ஆய்வாளர் வேலை அப்படி. இருபத்தாறு வருஷமாகத் திருச்சிக் கடைவீதியில் அவர் தலை தெரிந்தால் போதும், வியாபாரிகள் படிக்கல்லைத் துடைத்து வைத்துக்கொண்டு எழுந்து நிற்பார்கள். வீட்டில் சர்க்கரை டப்பாவைக் கையில் தூக்கி, முந்நூற்று எழுபது கிராம் என்பார். அப்புறம் தன் கையையும் நம்பாமல் எடை போட்டுப் பார்ப்பார்.

அவர் மனைவியின் பெயர் மட்டுவார்குழலி. மலைக்கோட்டையில் சாமி பெயர் தாயுமானவர், அம்பாள் பெயர் மட்டுவார்குழலி. பெண் பார்க்கப் போன அன்று பெயரைக் கேட்டதுமே இரண்டு வீட்டாரும் ஜாதகத்தைச் சுருட்டி வைத்துவிட்டார்கள். அதற்குமேல் பொருத்தம் பார்க்க என்ன இருக்கிறது என்று இருபத்தைந்து வருஷமாக அந்த இருவரும்கூடப் பார்க்கவில்லை.

ஒரே பையன் செழியன். வயது இருபத்திரண்டு, பொறியியல் முடித்தவன். அமெரிக்காவில், வருஷத்தில் ஆறு மாதம் பனி பெய்யும் ஓர் ஊரில், மேல்படிப்புக்கு விண்ணப்பம் போட வேண்டும். அதற்கொரு நுழைவுத் தேர்வு. அதில் ஆங்கிலம் ஒரு பகுதி, கணக்கு ஒரு பகுதி. ஆங்கிலம் வந்தவரைக்கும் வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். கணக்கில் மட்டும் நூற்றெழுபதுக்கு நூற்றெழுபது வேண்டும் என்றார் தாயுமானவன். பல்கலைக்கழகம் அப்படிக் கேட்கவில்லை. ஒரு கிலோ படிக்கல்லில் ஐந்து கிராம் குறைந்தால் அது கிலோ இல்லை, வெறும் இரும்பு என்பது அவருடைய துறைக் கொள்கை. செழியன் வீட்டில் எழுதிப் பார்த்த மாதிரித் தேர்வில் நூற்றைம்பத்தொன்று வாங்கியிருந்தான். அதாவது, வெறும் இரும்பு.

அப்போதுதான் பால்பண்ணைப் பக்கம் பிச்சாண்டி தொடங்கியிருந்த பயிற்சி மையத்தின் பேனர் அவர் கண்ணில் பட்டது. 'ஒரே ஞாயிறு. ஒரு வருடப் பயிற்சி.' பிச்சாண்டி வாழைக்காய் மண்டிக்காரர். அவருடைய தராசுக்கு முத்திரை போட்டதே தாயுமானவன்தான். ஆகவே இந்த விளம்பரத்தில் எத்தனை கிராம் குறைகிறது என்று பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினார்.

மண்டிக்குப் பின்னால் வாழைக்காய் பழுக்கவைக்கும் அறை இருந்தது. கல்யாண மண்டபம் அளவு, தடித்த கதவு, காய் எவ்வளவு பழுத்தது என்று பார்ப்பதற்கு வட்டமாக ஒரு கண்ணாடி. கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் அதற்குள் காலத்தை வேகமாக ஓடவைக்கும் இயந்திரம் ஒன்றைப் பொருத்திக் கொடுத்திருந்தார். ஆறு நாளில் பழுக்கிற பூவன்தார் எட்டே நிமிஷத்தில் பழுத்துவிடும். ஆனால் வியாபாரத்துக்கு அது சரிப்படவில்லை. உள்ளே தாரை வைத்துவிட்டு யாரிடமாவது போனில் நலம் விசாரித்தால், விசாரித்து முடிப்பதற்குள் பழம் கறுத்து ஒழுகிவிடும். பழத்தைப்போல அவ்வளவு சீக்கிரம் அழுகாத சரக்கு எது என்று பிச்சாண்டி யோசித்தார். மாணவர்கள் என்று தோன்றியது.

"பயப்படாதீங்க சார்," என்றார் பிச்சாண்டி. "காலையில ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்துறோம். சாயங்காலம் அஞ்சு மணிக்குத் திறக்கிறோம். வெளிய எட்டு மணி நேரம், உள்ள ஒரு வருஷம். நீங்க இங்க ஒரு டீ குடிச்சு முடிக்கிறதுக்குள்ள பையன் உள்ள ஒரு வாரப் பாடத்தை முடிச்சிருப்பான்."

"எப்படி ஓடுது?"

"அதைப் புரபசரைத்தான் கேக்கணும். சரியா ஓடுதான்னு பார்க்க அடிக்கடி உள்ள போய் வந்தாரு. அதுல வயசாயிடுச்சு. இப்ப மக வீட்டோட இருக்காரு, காது கேக்கலை."

தாயுமானவன் நெற்றியைச் சுருக்கினார். "அப்ப பையனுக்கும் ஒரு வயசு கூடிடுமே?"

"உடம்புக்குக் கூடும் சார். சர்டிபிகேட்ல கூடாது."

இந்த ஒரு வாக்கியம் அவரைச் சாய்த்துவிட்டது. தாயுமானவனுக்கே இரண்டு வயது உண்டு. லால்குடிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் கையைத் தலைக்கு மேல் வளைத்து எதிர்க் காதைத் தொடச் சொன்னார். அப்போது அவருக்கு ஏழு முடிந்திருந்தது. காதைத் தொட்டதோடு நிற்காமல் தோளையும் தொட்டார். ஆசிரியர் ஐந்து என்று எழுதிக்கொண்டு, ஜூன் மாதத்தில் பிறந்ததாகவும் போட்டார். அன்றிலிருந்து வீட்டில் அவருக்கு ஐம்பத்திரண்டு, அலுவலகத்தில் ஐம்பது. முழங்கால் வலிப்பது ஐம்பத்திரண்டு வயதுக்காரருக்கு. ஓய்வு பெறப்போவது ஐம்பது வயதுக்காரர். உடம்பின் வயது வீட்டு விவகாரம், சர்டிபிகேட் வயதுதான் நாடு கேட்கிற வயது என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பையனுக்கு நாட்டு வயது ஏறாமல் ஒரு வருஷப் படிப்பு ஏறுகிறது என்றால் அது எடைக்கு மேல் கொசுறு.

ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டார். உள்ளே கண்காணிக்க வார்டன் உண்டா? பிச்சாண்டி பெருமூச்சு விட்டார். வார்டன் வேலைக்கு விளம்பரம் கொடுத்ததாகவும், வந்தவர்கள் எல்லாரும் சம்பளம் ஒரு நாளைக்கா ஒரு வருஷத்துக்கா என்று கேட்டதாகவும், அதற்குப் பதில் சொல்லமுடியாமல் விட்டுவிட்டதாகவும் சொன்னார். பாடம் எல்லாம் திரையில் ஓடும். அரிசி, பருப்பு, காய்ந்த மிளகாய் இருபத்துநான்கு பேருக்கு உள்ளேயே அடுக்கியிருக்கிறது. வெளியே வந்ததும் ஒரு மாதிரித் தேர்வு. அதில் நூற்றெழுபது வாங்கியவர்களை மட்டும்தான் நிஜத் தேர்வுக்கு அனுப்புவார். பேனரில் அவர் போடுகிற படம் எல்லாம் நூற்றெழுபதுதான்.

முதல் ஞாயிற்றுக்கிழமை மட்டுவார்குழலி ஒரு வருஷத்துக்கான புளிக்காய்ச்சலை ஜாடியில் கட்டிக் கொடுத்தாள். செழியன் இரண்டு பெட்டியோடு உள்ளே போனான். தாயுமானவன் கண்ணாடிக்கு எதிரே தகரக் கொட்டகையில் மற்ற அப்பாக்களோடு பெஞ்சில் உட்கார்ந்தார். உள்ளே எதுவும் தெரியவில்லை. மின்விசிறி சுற்றுவதுபோல ஏதோ கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மணிக்குக் கதவு திறந்தபோது தாடியும் மீசையுமாக ஒருவன் வந்து, "என்னப்பா, சௌக்கியமா?" என்று கேட்டான். குரலில் இவருக்குப் பழக்கமில்லாத ஒரு நிதானம் இருந்தது. காலையில்தான் பார்த்த மனிதரை ஒரு வருஷம் கழித்துப் பார்ப்பவனுக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியாமல், "சாப்பிட்டியாடா?" என்றார்.

அன்று நூற்று அறுபத்துமூன்று. தாயுமானவன் சந்தோஷப்பட்டு மறுவாரமும் அனுப்பினார். நூற்று அறுபத்தெட்டு. மூன்றாவது வாரம் நூற்று அறுபத்தொன்பது. இன்னும் ஒன்றுதான் என்று நான்காவது வாரம் அனுப்பினால் மறுபடி நூற்று அறுபத்தொன்பது. ஐந்தாவது வாரமும் அதேதான். ஒவ்வொரு முறையும் செழியன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, இன்னும் ஒரு வருஷம் கொடுங்கள் என்று தானே கேட்டான். இப்படிப் படிப்பில் பித்துப் பிடித்த பிள்ளை யாருக்கு வாய்க்கும் என்று தாயுமானவன் அலுவலகத்தில் சொல்லிப் பெருமைப்பட்டார். பையன் நெற்றியோரத்தில் முடி சற்றுப் பின்வாங்கியிருந்ததை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. ஒன்றரை மாதத்துக்கு முன்னால் வாங்கிய சட்டை தோளில் பிடித்தது. பையனுக்கு இப்போது உடம்புக்கு இருபத்தேழு.

உண்மையைக் கண்டுபிடித்தது புளிக்காய்ச்சல் ஜாடி. ஐந்தாவது ஞாயிறு முடிந்து பெட்டியைப் பிரித்தபோது அந்த வாரம் கொடுத்துவிட்ட ஜாடியில் கட்டிய துணி கட்டியபடியே இருந்தது. மட்டுவார்குழலி அதைக் கணவன் முன்னால் கொண்டுவந்து வைத்தாள்.

"என்னங்க, இவன் உள்ள சமைக்கிறான்."

"அதனால என்ன?"

"பரீட்சைக்குப் படிக்கிறவன் கிடைச்சதைத் தின்னுட்டுப் படிப்பான். ஒரு வருஷமா இதைத் தொடலைன்னா, அவன் நின்னு நிதானமா குழம்பு வெச்சிருக்கான். கையைப் பாருங்க, தாளிச்ச எண்ணெய் தெறிச்ச தழும்பு."

தாயுமானவனுக்குச் சுரீரென்றது. நூற்று அறுபத்தொன்பது மூன்று முறை வருவது முத்திரை வைத்த தராசில் நடக்கிற காரியமில்லை. யாரோ தட்டின் அடியில் புளி ஒட்டியிருக்கிறார்கள். ஆறாவது ஞாயிறு அவரே ஒரு பெட்டி, ஒரு கால அட்டவணை, ஒரு இரும்பு ஸ்கேல் எடுத்துக்கொண்டு பையனோடு உள்ளே போனார். பெற்றோர் கண்காணிப்புத் திட்டம் என்று அன்று காலையே பிச்சாண்டி அதற்குப் பெயரும் வைத்துவிட்டார். பெஞ்சில் அவர் இடத்தில் மட்டுவார்குழலி வந்து உட்கார்ந்தாள்.

உள்ளே ராத்திரி கிடையாது. மணி அடித்தால் இருபத்துநான்கு பேரும் கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு படுப்பார்கள், மணி அடித்தால் எழுந்திருப்பார்கள். படிக்கவே இல்லை என்று அவர்களைச் சொல்ல முடியாது. முதல் இரண்டு மாதம் செழியன் கரும்பலகை முன்னால் நின்று எல்லாருக்கும் பாடம் நடத்தினான். சதவீதம், நிகழ்தகவு, இரண்டு குழாய் நிரப்பி ஒரு குழாய் காலி பண்ணும் தொட்டி, ஒன்றும் பாக்கியில்லை. திரையில் ஓடும் பாடத்தைவிட அவன் சொன்னது தெளிவாக இருந்தது. தாயுமானவனுக்கே தொட்டிக் கணக்கு புரிந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது மாதம் பிறந்ததும் பலகையைத் துடைத்துச் சுவரோரம் திருப்பி வைத்தார்கள்.

இன்னும் பத்து மாதம் மிச்சமிருந்தது. அங்கே இருந்த யாருக்கும் கதவுக்கு வெளியே ஒருநாளும் பத்து மாதம் மிச்சமிருந்ததே இல்லை. மணப்பாறைப் பையன் முறுக்கு சுற்றினான். துறையூர்ப் பெண் ஒருத்தி நாடகம் எழுதி, எல்லாரையும் நடிக்கவைத்து, நன்றாக இல்லை என்று திருத்தி மறுபடி நடிக்கவைத்தாள். இரண்டு பேர் எதைப் பற்றியோ நான்கு மாதம் விவாதம் செய்துவிட்டு இருவருமே கட்சி மாறினார்கள்.

தாயுமானவன் அட்டவணையை ஒட்டினார். ஸ்கேலைத் தட்டினார். பிள்ளைகள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, தாத்தாவிடம் சொல்வதுபோலச் சரி என்று சொல்லிவிட்டு, அவருக்குத் தினமும் அரிசி அளந்து போடும் பொறுப்பைக் கொடுத்தார்கள். அளக்கப் போன இடத்தில் ஒரு தராசு இருந்தது. பழைய வாழைத்தார் தொங்கவிடும் கம்பியும் இரண்டு தேங்காய்த் தொட்டியும் வைத்துச் செழியன் செய்தது. பங்கு பிரிப்பதில் ஒருமுறை சண்டை வந்ததாம், அதற்காக. தாயுமானவன் அதை மூன்று நாள் சோதித்தார். உப்பை வைத்தார், மிளகை வைத்தார், தட்டை மாற்றி மாற்றிப் போட்டார். முள் ஒரு மயிரிழை சாயவில்லை. பையில் முத்திரைச் சுத்தியல் இருந்திருந்தால் அடித்திருப்பார். தன் பிள்ளைக்கு இது வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அவரும் கேட்டதில்லை.

ஐந்தாவது மாதமளவில் அட்டவணையின் பின்பக்கத்தில் நாடகத்துக்கு வசனம் எழுதினார்கள். அவர் ஆட்சேபிக்கவில்லை. அதில் அவருக்கும் ஒரு வேஷம் இருந்தது.

ஒருநாள் அரிசி அளந்துகொண்டே கேட்டுவிட்டார். கணக்கு இவ்வளவு தெரிந்தவனுக்கு ஒவ்வொரு தடவையும் ஒரு மார்க் எங்கே போகிறது?

"வயசுக் கணக்குலப்பா," என்றான் செழியன். "மாதிரித் தேர்வுல எப்பவும் ஒண்ணு வரும். மகனுக்கு இருபத்திரெண்டு, அப்பா முப்பது வயசு மூத்தவர். எத்தனை வருஷத்துல அப்பா வயசு மகன் வயசைப்போல ரெண்டு மடங்காகும்?"

தாயுமானவன் விரல் விட்டுப் பார்த்தார். "எட்டு வருஷம். உனக்கு முப்பது, எனக்கு அறுபது."

"புஸ்தகத்துல அப்படித்தான் இருக்கு. நமக்கு அது நாலாவது ஞாயிறு சாயங்காலம் அஞ்சு மணிக்கே ஆயிடுச்சு. எனக்கு இருபத்தாறு, உங்களுக்கு அம்பத்திரெண்டு. நீங்க வெளிய நின்னு எனக்கு வெள்ளரிப்பிஞ்சு வாங்கிட்டு இருந்தீங்க."

அளவுப்படி அவர் கையில் அப்படியே நின்றது.

"அப்பாவுக்கும் பிள்ளைக்கும் வித்தியாசம் மாறாதுன்னு எடுத்துக்கிட்டாத்தான் அந்தக் கணக்கு வரும். எனக்கு வாரா வாரம் மாறுது. அதனால நாலாவது விடையைப் போட்டேன், 'கொடுத்த தகவலை வெச்சுச் சொல்ல முடியாது'ன்னு."

"எட்டுன்னு போட்டா மார்க் கிடைக்கும்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ப்பா. கிடைச்சா அனுப்பிடுவீங்கன்னும் தெரியும்."

அப்புறம் மிச்சத்தையும் சொன்னான். இங்கே இருபத்துநான்கு பேருக்குமே அந்த ஒரு மார்க் தற்செயலாகக் குறைவதில்லை. எல்லாரும் குறைத்துக்கொண்டால் பிச்சாண்டி கடையை மூடிவிடுவார் என்பதால் வருஷக் கடைசியில் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். சீட்டு விழுந்தவர் அழுதுகொண்டே நூற்றெழுபது வாங்கிப் பேனரில் ஏறி அமெரிக்கா போவார். போன வாரம் ஜெயித்த தஞ்சாவூர்ப் பையனைப் பேனரில் பார்த்தீர்களா, ஏன் அப்படி முழிக்கிறான் என்று நினைத்தீர்கள்?

தாயுமானவனுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எங்கே வைத்தோம் என்று தேடினார், அகப்படவில்லை. வீட்டைவிட்டு இங்கே வந்து கிடக்கும்படி நான் உன்னை என்ன செய்தேன் என்று மட்டும் கேட்டார். செழியன் அவரை வட்டக் கண்ணாடியண்டை அழைத்துப்போனான்.

உள்ளிருந்து பார்த்தால் வெளியே எல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. ஏனென்றால் எதுவும் அசையவில்லை. வெளியே ஒரு நொடி என்றால் உள்ளே பதினெட்டு நிமிஷம். கொட்டகைக்கு மேலே ஒரு காக்கா கண்ணாடியைக் கடந்துபோக அரைமணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது.

"நீங்க அந்த பெஞ்சுலதான் இருப்பீங்க," என்றான் செழியன். "நீங்க ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினா எனக்கு அஞ்சு நிமிஷம். வீட்டுல நீங்க உக்காந்தே நான் பார்த்ததில்லப்பா. அளந்துகிட்டே இருப்பீங்க. இங்க அஞ்சு வருஷம் உங்களைப் பார்த்தேன். சும்மா உக்காந்திருந்தீங்க. யாரும் கவனிக்கலைன்னு நினைச்சு மூணாவது ஞாயிறு கண்ணைத் துடைச்சீங்க. அது முடிய ஒரு மணி நேரம் ஆச்சு."

தாயுமானவன் கண்ணாடியில் முகத்தை வைத்துப் பார்த்தார். கண்ணாடிக்கு அப்பால் பெஞ்சில் மட்டுவார்குழலி இருந்தாள்.

அதற்குப் பிறகு அவர் தினமும் அரிசி அளந்து முடித்ததும் கண்ணாடிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிடுவார். அவள் டிபன் பாக்ஸைத் திறந்து மூடுவதற்குள் பல நாள் ஓடிற்று. பெஞ்சின் நுனியில்தான் உட்கார்ந்திருந்தாள், யாராவது கூப்பிட்டால் எழுந்துகொள்ளத் தோதாக. அங்கே அவளைக் கூப்பிட ஒருவரும் இல்லை, ஆனாலும் ஒரு வருஷம் முழுக்க அவள் முதுகு பெஞ்சில் படவில்லை. உச்சி வெயில் நேரத்தில் ஒருமுறை சிரித்தாள். மெள்ள உதடு விரிந்து, கன்னத்தில் ஏறி, கண்ணுக்குப் போய், திரும்பி வந்தது. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தச் சிரிப்பைப் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை. எதற்காகச் சிரித்தாள் என்று இரண்டு மாதம் யோசித்தும் அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை.

கடைசி வாரம் சீட்டுக் குலுக்கினார்கள். துறையூர்ப் பெண்ணுக்கு விழுந்தது. நாடகத்தைப் பாதியில் விட்டுப் போகவேண்டுமே என்று அவள் அழுதாள். எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். தாயுமானவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிம்மதிப் பெருமூச்சு விட்டார்.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. காலையில் சவரம் செய்துகொண்டு போன கணவன் நெஞ்சு வரைக்கும் தாடியோடு வருவதைப் பார்த்து மட்டுவார்குழலி பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். உள்ளே சாப்பாடு எப்படி என்று கேட்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார். காலையில் பதினொன்றே முக்கால், பன்னிரண்டு மணிவாக்கில் எதற்குச் சிரித்தாய் என்று கேட்டார். சிரித்ததாகவே அவளுக்கு ஞாபகம் இல்லை.

மாதிரித் தேர்வு முடிந்து பலகையில் மதிப்பெண் ஒட்டினார்கள். துறையூர்ப் பெண் நூற்றெழுபது. அவளுக்குக் கீழே செழியன், நூற்றெழுபது.

பிச்சாண்டி ரஸ்தாளித் தாரோடு ஓடிவந்தார். தாயுமானவன் பலகையை மூன்று தடவை படித்தார். தராசில் தப்பு இருக்கும் என்று முதன்முதலாக மனதார வேண்டிக்கொண்டார். அப்புறம் பையனை ஒரு தூண் மறைவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"எல்லாரையும்போல நீயும் ஒண்ணு குறைச்சுப் போட்டிருக்கலாமேடா."

இருபத்தாறு வருஷ சர்வீஸில், குறைத்துப் போடச் சொல்லி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை அதுதான்.

"நான் இப்பவும் உண்மையைத்தான்ப்பா போட்டேன்," என்றான் செழியன். "இந்தத் தடவை நீங்களும் உள்ள இருந்தீங்க. எனக்கு ஒண்ணு ஏறிச்சு, உங்களுக்கும் ஒண்ணு ஏறிச்சு. வித்தியாசம் மாறலை. கணக்கு சரியா வந்துடுச்சு."

தாயுமானவன் திரும்பிவந்து பிச்சாண்டியின் தாரில் கை வைத்தார். ஒரு பழத்தை உரித்துப் பையன் கையில் கொடுத்தார்.

நிஜத் தேர்விலும் நூற்றெழுபதே வந்தது. பேனரில் செழியன் படம் ஏறியது. இருபத்தெட்டு வயது முகத்துக்குக் கீழே இருபத்திரண்டு என்று போட்டிருந்தார்கள். விசா கொடுத்த அதிகாரி படத்தையும் ஆளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் படித்துப் படித்தே பிள்ளைகள் இப்படி ஆகிவிடுகிறார்கள் போலும் என்று அனுதாபத்தோடு முத்திரை குத்தினார். நான்கு மாதத்தில் செழியன் விமானம் ஏறினான். ஏறுமுன், வாரத்துக்கு ஒருமுறை, ஞாயிறு சாயங்காலம் ஆறு மணிக்குத் தவறாமல் வீடியோவில் கூப்பிடுவதாகச் சொன்னான். தவறாமல் கூப்பிடவும் செய்தான். அங்கே பனி பெய்கிறது என்றான். இங்கே வெயில் என்றார்கள். அதற்குமேல் என்ன பேசுவது என்று மூன்று பேருக்கும் பிடிபடவில்லை.

தாயுமானவன் வேலைக்குப் போய்வந்தார். சாயங்காலங்களில் மட்டுவார்குழலி சமையலறைக்கும் கூடத்துக்கும் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடி வழியாகப் பார்த்தபோது இருந்த ஆள் இவள்தான், ஆனால் இங்கே ஒரு நொடி ஒரு நொடியாகவே இருந்தது. முகத்தைப் பார்ப்பதற்குள் திரும்பிவிடுகிறாள். ஒருநாள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கேட்டாள், ஒரு வருஷம் முழுக்க உள்ளே என்னதான் செய்தீர்கள் என்று. உன்னைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்றார். மட்டுவார்குழலி கத்தியை நிறுத்தினாள். பீன்ஸின் நாரை இழுத்துப்போட்டாள். இன்னும் நாலைந்து காய் நறுக்கினாள்.

"உள்ள யாரும் வேலை சொல்ல மாட்டாங்கள்ல?" என்று கேட்டாள்.

அரிசியை மட்டும் அளக்க வேண்டும், அதுவும் தானே பார்த்துக்கொள்ள முடியும் என்றார் அவர்.

பையன் போன மூன்றாவது ஞாயிறு காலை எட்டே முக்காலுக்கு இருவரும் மண்டியில் நின்றார்கள். பிச்சாண்டி மரியாதையாக எழுந்து, செழியன் எப்படி இருக்கிறான் என்று விசாரித்தார். இருவரும் உள்ளே போகவேண்டும் என்றதும், பரீட்சை எழுதுகிறவர்களுக்குத்தான் அனுமதி, கண்காணிப்புத் திட்டத்துக்கும் பிள்ளை வேண்டும் என்று தலையைச் சொறிந்தார். துறைத் தேர்வு எழுதப் போவதாகத் தாயுமானவன் முணுமுணுத்தார். சொல்லும்போதே அவருக்கு வேறொரு கவலை வந்து மனைவி பக்கம் திரும்பினார்.

"குழலி, பையன் ஆறு மணிக்குக் கூப்பிடுவான். வாரா வாரம் உள்ள போனா, அவன் ஒவ்வொரு தடவை பார்க்கிறப்பவும் நமக்கு ஒரு வயசு கூடித் தெரியுமே."

"போனைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கிட்டா ஆச்சு," என்றாள் மட்டுவார்குழலி.

பிச்சாண்டி ரிஜிஸ்தரைத் திறந்து பேனாவை உதறினார். அம்மாவுக்கு எந்தப் பரீட்சை என்று போடட்டும் என்று கேட்டார். மட்டுவார்குழலி வாசலில் கிடந்த பெஞ்சையும், கதவையும், அதற்கப்பால் இருந்த வெளிச்சத்தையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"எதுல ஜாஸ்தி பேர் ஃபெயிலாவாங்களோ, அதைப் போடுங்க," என்றாள். "அவருக்கும் அதையே போட்டுடுங்க."